வார்டன் உள்ளே வந்த நேரம்

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. அம்மிணி, நீயும் உக்காரு கண்ணு. தண்ணி குடிக்கறீங்களா? சரி, அப்பறமாக் குடிங்க.

ரூமைக் காட்டறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். பஸ்ஸ்டாப்புல எறங்கி ஆட்டோ புடிச்சுத்தானே வந்தீங்க? அந்த ஆட்டோக்காரன் என்ன சொன்னான்? "அந்த ஹாஸ்டலுங்களா, அங்க வார்டனே ராத்திரி ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும்தான் உள்ள வருவாங்க"ன்னு சொன்னானா இல்லையா? பாருங்க, அம்மிணி சிரிக்குது. சொல்லியிருக்கான். நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டாலும் அம்மிணி காட்டிக் குடுத்துருச்சு.

அவனைக் குத்தம் சொல்ல மாட்டனுங்க. அவனுக்கு யாரு சொன்னா? பேக்கரிக்காரர் சொன்னாரு. அவருக்கு யாரு சொன்னா? கம்ப்யூட்டர் சொன்னது. அதா, அங்க மேசை மேல துணி போத்தி வெச்சிருக்கறமே, அதுதான். அது என்னைப் படுத்தின பாடு உங்களுக்குத் தெரியோணும். பொண்ணைப் பெத்தவரு நீங்க. விசாரிக்கறதுல தப்பே இல்லை. ஆனா முழுசா விசாரிக்கோணும்.

எம்பட பேரு குணவதி, அந்த வார்டன் நான்தான். எம்பட வூட்டுக்காரர் போயிச் சேந்ததுக்கப்பறம் இந்த ஹாஸ்டல்தானுங்க எனக்கு வூடு. மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம், அதுல நானும் ஒரு பீரோவும். இங்க வேலை போச்சுன்னா வூடும் போச்சு. அதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

முதலாளி அர்த்தநாரியண்ணன். பம்ப்செட் கம்பெனி வெச்சிருக்காரு, தங்கமான மனுசன். ஒரே ஒரு குறை, மெசினுன்னா நம்புவாரு, மனுசனுன்னா நம்ப மாட்டாரு. "மனுசன் பொய் சொல்லுவான் குணவதி, மெசின் எதுக்குச் சொல்லுது? அதுக்கென்ன புள்ளையா குட்டியா?"ம்பாரு.

நான்தான் அவருகிட்ட மொதல்ல போயி நின்னேன். ராத்திரி ஒம்பது மணிக்குக் கதவைச் சாத்தோணும்ங்கறது இங்க சட்டம். பொண்ணுக கேக்கறதில்லை. முக்கியமா ஒருத்தி, ஜெனிலான்னு பேரு, தக்கலைக்காரி. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியோட கம்ப்யூட்டரையெல்லாம் இங்கிருந்தே பாத்துக்கற வேலை. ஒம்பது பத்துக்கு வருவா, ஒம்பதேகாலுக்கு வருவா. கேட்டா, "சர்வர் டவுன் மேம்"ம்பா. தெனமும் ஒரு சர்வர் டவுன் ஆகுமாங்க? பாவம் அந்தக் கம்பெனி. நான் அவளை வாசல்ல நிக்க வெச்சே கேள்வி கேப்பேன். அவளுக்காகவே ஒரு மெசின் வேணும்னு முதலாளிகிட்டச் சொன்னேன். மெசினுன்ன ஒடனே மனுசன் மொகம் மலந்துபோச்சு.

கௌதமன்னு ஒரு பையனைத் தாட்டி விட்டாரு. வந்து வாசல்ல ரேகை வெக்கற டப்பாவை மாட்டி, ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டாந்து மேசைல வெச்சு, ஒயரை இழுத்து முடிச்சுப்போட்டான். "மேடம், இது லினக்ஸ். வைரஸே வராது"ன்னான். தொறந்தா ஒரு வாத்துப் படம் வந்துச்சு. வாத்தில்லை, பென்குயினாம். சரி, எதுவோ ஒண்ணு. ஒம்பது மணிக்கு மேல விரல் வெச்சா கதவு தொறக்காது. உள்ள இருந்து நான் பட்டனை அமுத்துனாத்தான் தொறக்கும். யாரு யாரு எத்தனை மணிக்கு லேட்டா வந்தாங்கன்னு தெனமும் ஒரு மெசேஜ் தானா முதலாளி போனுக்குப் போயிரும். அவரு காலைல சாமி கும்புட்டுப்போட்டு உக்காந்து படிப்பாரு. காலை அஞ்சு மணியானாக் கதவு மறுபடி எப்பவும் போலத் தொறக்கும்.

அப்பறம் அந்தப் பையன் கேட்டான், "மேடம், லேட்டா வர்றவங்களுக்கு ஒரு வாய்ஸ் போடலாம். பேசறீங்களா?"ன்னு. ஏனுங்க, பேசறதுன்னா எனக்குச் சொல்லித் தரோணுமா? நல்லாத் தொண்டையைச் செருமிக்கிட்டு, "நேரமாச்சு! நல்ல குடும்பத்துப் பொண்ணு இந்நேரத்துக்கு வெளியில நிக்க மாட்டா! காரணத்தைச் சொல்லிப்போட்டு உள்ள வா!"ன்னு ஒரே மூச்சுல சொன்னேன். அந்தப் பையன் ஆடிப்போயிட்டான். "ஒரே டேக்குல ஓகே மேடம்"ன்னான். தெருமுக்கு வரைக்கும் கேக்கும் அந்தச் சத்தம்.

மொத வாரம் ரொம்ப நல்லாப் போச்சுங்க. ஜெனிலா மூணு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டா.

இங்க ஒண்ணு சொல்லோணும், கதைக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்றேன். அந்தக் கம்ப்யூட்டர் பழசில்லைங்களா, அதுல அந்தப் பையன் பழைய விண்டோஸையும் அழிக்காம விட்டிருந்தான். மொதல்ல ஆன் பண்ணும்போது ரெண்டு வரி வரும். மேல் வரி வாத்து. கீழ் வரியைத் தொட்டா அந்தப் பக்கம் போயிரலாம். அங்க சீட்டுக்கட்டு ஆட்டம் இருக்குது. தனியாவே ஆடறது. சிவப்பு மேல கறுப்பு, கறுப்பு மேல சிவப்பு. மத்தியானம் பொண்ணுக எல்லாம் வேலைக்குப் போயிருவாங்க, சமையல்கார ராக்கியக்கா கொறட்டை விடும், நான் என்ன பண்றது? மூளைக்கு நல்லதுன்னு டிவில டாக்டரே சொல்றாரு. சித்த நேரம் ஆடிப்போட்டு மறுபடி வாத்துப் பக்கம் கொண்டாந்து விட்டுருவேன். முதலாளி அந்தக் கம்ப்யூட்டரை வேற எதுக்கும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. நான் எங்கீங்க தொட்டேன்? அவரு சொன்னது வாத்துப் பக்கத்தை.

அந்தச் சீட்டுப் பக்கம் ஒரு மக்கர் இருந்துச்சு. மூலைல மணி காட்டுமில்லைங்களா, அது தப்பாக் காட்டும். மத்தியானம் மூணு மணிக்குக் காலை ஒம்பதரைன்னு காட்டும். எனக்குத் தப்பான கடிகாரத்தைக் கண்டா ஆகாதுங்க. கை நமநமன்னு இருக்கும். மவுஸைப் புடிச்சு, எம்பட கைக்கடிகாரத்தைப் பாத்து, நிமிசம் முதக்கொண்டு சரியா வெச்சுப்போட்டுத்தான் ஆட்டத்துல உக்காருவேன். அது எம்பட சுபாவம்.

அதை விடுங்க. கேளுங்க.

ரெண்டாவது வாரம் ஒரு நாள் பொழுதோட, சாயங்காலம் நாலு மணி இருக்கும். நர்சிங் படிக்கற புள்ளை ஒண்ணு காலேஜ் முடிஞ்சு வந்து விரல் வெச்சுது. "நேரமாச்சு! நல்ல குடும்பத்துப் பொண்ணு"ன்னு ஆரம்பிச்சுருச்சு எம்பட குரலு. வெளியில வெயில் பல்லைக் காட்டிட்டு நிக்குது. அந்தப் புள்ளை அழுதே போச்சு. ஓடி வந்து பாத்தா, கம்ப்யூட்டர்ல மணி ராத்திரி ஒம்பதரை. அன்னைக்கு ஆபீஸ் விட்டு வந்த அத்தனை பொண்ணுகளுக்கும் அதே அர்ச்சனை. நான் பட்டன்கிட்டவே ஸ்டூலைப் போட்டு உக்காந்து அமுத்தி அமுத்தி விரல் வீங்கிப்போச்சு.

கௌதமனுக்கு போன் போட்டேன். "வந்துட்டே இருக்கறேன் மேடம்"ன்னான். அவன் மறுநாள் காலைல வந்தான். என்னமோ தட்டி மணியைச் சரி பண்ணினான். "இப்ப பாருங்க, கரெக்டா இருக்கு"ன்னான். இருந்துச்சு. மத்தியானம் நான் நிம்மதியா ஒரு ஆட்டம் போட்டேன். பொழுதோட பாத்தா மறுபடியும் அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடிட்டு நிக்குது!

அடுத்த தடவை வந்து பேட்டரியை மாத்தினான். உள்ள எட்டணா மாதிரி ஒரு பேட்டரி இருக்குது, அதுதான் மணியை ஞாபகம் வெச்சுக்குமாம். புதுசு போட்டான். அன்னைக்குப் பொழுதோடயே போச்சு. அப்பறம் கரண்ட்டுக் குறைபாடுன்னான். அப்பறம் வெயில் படுதுன்னு மேசையை நகத்தினான். முதலாளியம்மா வந்து பாத்துப்போட்டு, "தெக்கப் பாத்து வெச்சா எப்படிம்மா மணி நிக்கும்?"னு வடக்கால திருப்பி வெச்சாங்க. நான் எம்பட பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெச்சேன். எறும்புதான் வந்துச்சு.

இதுல அதிசயம் என்னன்னா, நான் எங்க தங்கச்சி வூட்டு விசேசத்துக்குன்னு ரெண்டு நாள் ஊருக்குப் போனேன். அந்த ரெண்டு நாளும் மணி துளிகூட நகரலீங்க! கேக்க ஆளில்லைன்னா அடக்கமா இருக்கறதும், ஆளிருந்தா அழிச்சாட்டியம் பண்றதும், சில கொழந்தைக இருக்குமில்லைங்களா, அந்த மாதிரி. எனக்கு அதுமேல ஒரு பயமே வந்துருச்சு.

அந்த மாசத்துல பொண்ணுகளுக்கு ஒடம்பும் சரியில்லைங்க. எல்லாப் புள்ளைகளும் காலைல எந்திரிக்கவே மாட்டேங்குது. சாப்பிடும்போது கொட்டாவி, பல்லு வெளக்கும்போது கொட்டாவி. மணி முன்னாடி ஓடினா, காலை அஞ்சுன்னு நெனச்சுக்கிட்டு அந்தக் கதவு ராத்திரி பதினொண்ணரைக்கே தொறக்க ஆரம்பிச்சுருமாம். எனக்கு இது அப்பறம்தான் தெரியும். நான் ஒம்பதரைக்குப் படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது. ஆனா பாருங்க, கதவு தொறக்கும்னு இருந்தும் ஒரு பொண்ணு வெளியில போகலை! எம்பட வளர்ப்பு அப்படி. கொட்டாவிக்கு ரத்தத்துல இரும்புச் சத்துக் கம்மின்னு நானே கண்டுபுடிச்சு, தெனமும் முருங்கைக்கீரை போட்டேன். புதுப்படம் எது வந்தாலும் அந்த மாசம் கதையெல்லாம் அச்சு பிசகாமச் சொல்லுவாங்க, அவ்வளவு ஞாபக சக்தி. கீரைதான்.

என்ன அம்மிணி, இருமறே? தண்ணி குடி கண்ணு.

இப்ப முதலாளி பக்கம் வாங்க. அவருக்கு தெனமும் காலைல மெசேஜ் போகுதில்லைங்களா. அதுல என்ன இருக்கும்? இன்ன பொண்ணு ராத்திரி பதினொண்ணுக்கு வந்தா, இன்ன பொண்ணு பன்னண்டரைக்கு வந்தா. எல்லாத்துக்கும் கடைசில, வார்டன் குணவதி, ஒரு மணி. நான் எங்க போனேன்? பிள்ளையார் கோயில்ல கதாகாலட்சேபம் நடந்துச்சு, கேட்டுப்போட்டு ஏழரைக்கு வூடு திரும்புனேன். ராக்கியக்கா தொறந்து விட்டுச்சு. அது அங்க ராத்திரி ஒரு மணியா ஏறிப்போச்சு. ஒரு நாளில்லை, காலட்சேபம் நடந்த அத்தனை நாளும்!

நான் முதலாளிகிட்டச் சொல்லாம இல்லீங்க. "அண்ணா, மணி தப்பா ஓடுது"ன்னேன். அவரு கௌதமனைக் கேட்டாரு. அவன் என்ன சொல்லுவான்? "நான் போயிப் பாக்கறப்பெல்லாம் கரெக்டாத்தான் சார் இருக்குது"ன்னான். அவன் பொய் சொல்லலை. அவன் பாக்கறப்ப கரெக்டாத்தான் இருந்துச்சு. முதலாளிக்கு அது போதும். மெசின் சரி, அப்ப தப்பு யாருகிட்ட?

ஒரு நாள் முதலாளியம்மா தனியா வந்தாங்க. எம்பட ரூம்ல கட்டில் மேல உக்காந்தாங்க. எம்பட கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"குணா, மனசுல ஏதாச்சும் இருந்தாச் சொல்லு. உனக்கும் தனியா இருந்து இருந்து..."

"என்னுங்கக்கா?"

"நான் தப்பா நெனைக்க மாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லு. நல்ல ஆளா?"

"ரொம்ப நல்ல ஆளுங்கக்கா"ன்னேன். காலட்சேபம் பண்ற பாகவதரைக் கேக்கறாங்கன்னு நெனச்சேன். "என்ன குரலு! கேட்டா எந்திரிச்சு வரவே மனசு வராது. தெனமும் முன்னாடி வரிசைல உக்காந்துருவேன். என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுப்போட்டுத்தான் ஆரம்பிப்பாரு."

அந்தம்மா எம்பட கையை விட்டுப்போட்டாங்க. மொகம் வெளுத்துப்போச்சு. எழுந்திரிச்சுப் போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலை.

மறுநாள் முதலாளி போன் பண்ணினாரு. குரலே மாறியிருந்துச்சு. "குணவதி, பொண்ணுகளும் சரியில்லை, பாத்துக்க வேண்டியவங்களும் சரியில்லை. ஹாஸ்டலை மூடிப்போட்டு கட்டடத்தைக் கொடவுனுக்கு விட்டுரலாம்னு இருக்கறேன். நாளைக்குப் பொழுதோட வர்றேன், பேசி முடிச்சுக்கலாம்."

கொடவுனுங்க! பம்ப்செட் அடுக்கி வெக்கறதுக்கு. நான் பீரோவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இதை எங்க கொண்டுபோயி வெக்கறது? தங்கச்சி வூட்டு வாசப்படில நுழையாது இந்த பீரோ. நானே நுழைய மாட்டேன், அவ மருமக அப்படி.

அடுத்த நாள் காலைல கௌதமனைக் கூப்புட்டுக் கால்ல விழாத கொறையாச் சொல்லி மணியைச் சரி பண்ணி வெச்சேன். முதலாளி வர்றப்பவாச்சும் ஒழுங்கா இருக்கட்டும்னு. மத்தியானம் மனசே சரியில்லை. ஒரே ஒரு ஆட்டம் போடலாம்னு அந்தப் பக்கம் போனேன். பாத்தா, அங்க மணி மறுபடியும் தப்பு! எம்பட நெலமையைப் பாருங்க, இத்தனை கஷ்டத்துலயும் அதையாச்சும் சரி பண்ணி வெப்போம்னு பண்ணி வெச்சேன். ஆட்டம் பாதில மனசு ஓடலை. அப்படியே விட்டுப்போட்டு வாத்துப் பக்கம் மாத்திப்போட்டு, பிள்ளையாரைப் பாக்கக் கெளம்பிட்டேன்.

திரும்பி வந்து விரலை வெச்சேன் பாருங்க.

"நேரமாச்சு! நல்ல குடும்பத்துப் பொண்ணு இந்நேரத்துக்கு வெளியில நிக்க மாட்டா!"

எம்பட குரலு. என்னையவே. நடுத்தெருவுல. மணி சாயங்காலம் அஞ்சேகால். நெத்தில திருநீறு, கைல தேங்காமூடி. எனக்குன்னு ஒரு நாள்கூட அதைக் கேட்டதில்லீங்க, காலட்சேப நாளுல எல்லாம் ராக்கியக்கா வாசப்படியிலயே நின்னு, நான் விரலை வெக்க வெக்கப் பட்டனை அமுத்திரும், குரலு பாதிலயே நின்னுரும். வெளியில நின்னு முழுசாக் கேக்கறது இதுதான் மொதத் தடவை. அவ்வளவு கடுசா இருக்கும்னு எனக்குத் தெரியாது.

"ராக்கியக்கா! பட்டனை அமுத்து!"

உள்ள இருந்து சத்தம் வருது, "நேத்து கரண்டு அடிச்சுருச்சுங்க மேடம்! நான் தொட மாட்டனுங்க! எனக்குப் பேரன் பேத்தி எல்லாம் இருக்குது!"

கதவுக்கு இருக்கற ஒரே சாவியும் முதலாளிகிட்டத்தான் இருக்குது. ஒவ்வொரு பொண்ணா வருது. ஒவ்வொருத்திக்கும் எம்பட குரலு அர்ச்சனை பண்ணுது. கொஞ்ச நேரத்துல வாசல்ல திருவிழாக் கூட்டம். கால் கடுத்துப்போச்சு. அப்ப ஜெனிலா வந்தா. அன்னைக்குன்னு பாத்து வெரசா வந்துட்டா, சர்வர் டவுன் ஆகலை போல.

"மேம், எத்தனை நேரம் நிப்பீங்க? வாங்க, பேக்கரில உக்காரலாம்."

எதுத்தாப்பல பேக்கரி. அங்க எந்தப் பொண்ணும் நிக்கக்கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினவ நானு. இருந்தாலும் வார்டன் கூட இருந்தா அது நிக்கறதாகாது, மேற்பார்வை. போனோம். டீ சொன்னா. தேங்காய் பன் வாங்கிக் குடுத்தா. நல்லாத்தானுங்க இருந்துச்சு. பொண்ணுக எல்லாம் சுத்தி நின்னு பஃப்ஸ் திங்குது, சிரிக்குது. இத்தனை வருசத்துல நான் இவங்க சிரிச்சுப் பாத்ததில்லை. நான் வர்றப்ப சிரிக்க மாட்டாங்க. மரியாதை.

நான் ஜெனிலாகிட்டக் கேட்டேன், "ஏங்கண்ணு, வெளியில இப்படி நிக்கறதுக்கு உனக்கெல்லாம் பயமா இருக்காதா?"

அவ டீயை ஊதிக்கிட்டே சொன்னா, "வெளிய நிக்கப் பயமில்ல மேம். உள்ள வரத்தான் பயமா இருக்கும்."

நான் பன்னை டீல முக்குனேன். கொஞ்சம் காஞ்ச பன்னு.

சரியா அப்பப் பாத்து முதலாளி கார் வந்து நின்னுச்சுங்க. அவரு எறங்கிப் பாக்கறாரு. ஹாஸ்டல்ல ஒரு உசுரு இல்லை. பேக்கரில வார்டன், கைல பன்னு, சுத்தியும் ஹாஸ்டலே நிக்குது.

"இதைத்தான் மெசின் சொல்லுச்சு, வார்டனே ராத்திரி ஒரு மணிக்குத்தான் உள்ள வர்றான்னு"ன்னாரு, பேக்கரிக்காரர் காதுபட.

"அண்ணா, கதவு தொறக்க மாட்டேங்குது. ஒம்பது மணி ஆயிருச்சுங்கறது."

"மெசின் மேல பழி போடாத குணவதி. அதுல எம்பட விரலும் ஏத்தியிருக்குது. இப்பப் பாரு எப்படித் தொறக்குதுன்னு."

வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு விறுவிறுன்னு நடந்தாரு. நாங்க எல்லாம் பின்னாடியே போனோம். பேக்கரிக்காரரும் கல்லாவை விட்டுப்போட்டு வந்தாரு. அண்ணன் விரலை வெச்சாரு.

"நேரமாச்சு! நல்ல குடும்பத்துப் பொண்ணு இந்நேரத்துக்கு வெளியில நிக்க மாட்டா! காரணத்தைச் சொல்லிப்போட்டு உள்ள வா!"

அண்ணன் மேல ஏறுவெயில்தான் இல்லை, எறங்குவெயில் நல்லா அடிக்குது. அவரு மேல பாத்தாரு, சூரியன் இருக்குது. கைக்கடிகாரத்தைப் பாத்தாரு. மறுபடியும் விரலை வெச்சாரு. மறுபடியும் நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னுச்சு. யாரோ ஒருத்தி களுக்குன்னா. அப்பறம் எல்லாரும். நான் சிரிக்கலீங்க. ரொம்பச் சிரமப்பட்டு சிரிக்கலை.

"இது... இதுல என்னமோ இருக்குது"ன்னாரு அண்ணன். மெசின் தப்பாப் போகும்னு அவரு வாயில வந்தது அதுதான் மொதல் தடவை. சாவியை எடுத்துத் தொறந்தாரு.

ஜெனிலா நேரா மேசைக்குப் போயிட்டா. "சார், நான் பாக்கட்டுமா? இது என் வேலைதான்." எனக்கு அப்பத்தான் உறைச்சுது, இத்தனை நாளா ஒம்பது பத்துக்கு வந்து நின்னவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளும்தான் வந்து சொல்லியிருக்கலாம்? வாயில என்ன கொழுக்கட்டையா?

கறுப்புத் திரை ஒண்ணைத் தொறந்தா. சின்னதா என்னமோ அடிச்சா. மணி வந்துச்சு, ராத்திரி பன்னண்டை நெருங்கிட்டு இருக்குது. "ஊர் சரியாத்தான் இருக்கு, இந்தியான்னுதான் போட்டிருக்கு"ன்னா. பேட்டரியைக் கேட்டா. புதுசுன்னேன். அப்பறம் வாட்ச்சைப் பாத்து விரல் விட்டு எண்ணினா. திடீர்னு சிரிச்சா.

"சரியா அஞ்சரை மணி நேரம் வித்தியாசம் மேம். கடிகாரம் கெட்டா ஏதோ ஒரு கணக்குல போகும். இது கெடல, குழம்பியிருக்கு."

முதலாளி பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. அவருக்கு அவ பொறுமையாச் சொன்னா. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கடிகாரம் பேட்டரில ஓடுதாம். வாத்துப் பக்கம் என்ன நெனைக்கும்னா, அதுல ஓடறது லண்டன் மணி, நம்ம ஊருக்கு அஞ்சரை மணி கூட்டிக் காட்டோணும்னு. விண்டோஸ் பக்கம் என்ன நெனைக்கும்னா, அதுல ஓடறதே நம்மூரு மணி, அப்படியே காட்டுனாப் போதும்னு. ஒரே கடிகாரம், ரெண்டு புரிஞ்சுக்கறது. இந்தப் பக்கம் சரி பண்ணினா அந்தப் பக்கம் அஞ்சரை மணி பின்னாடி. அந்தப் பக்கம் சரி பண்ணினா இந்தப் பக்கம் அஞ்சரை மணி முன்னாடி.

"கௌதமன் இந்தப் பக்கம் சரி பண்றான். அப்ப அந்தப் பக்கம் போயி மணியை மாத்தறது யாரு?"ன்னாரு முதலாளி.

எனக்கும் அதே கேள்விதானுங்க. "யாருங்கண்ணா இங்க அந்தப் பக்கமெல்லாம் போறா?"ன்னேன். நான் போறது சீட்டு ஆடறதுக்கு, மணி மாத்தறதுக்கா போறேன்? மணி தப்பா இருந்தா சரி பண்ணுவேன், அவ்வளவுதான். மாத்தறது வேற, சரி பண்றது வேற.

ஜெனிலா ஆஃப் பண்ணி ஆன் பண்ணி கீழ் வரியைத் தொட்டா. அந்தப் பக்கம் தொறந்துச்சு. நான் பாதில விட்ட ஆட்டம் அப்படியே நிக்குது. ஆடினவங்க பேரு கேக்குமே, அதுல நான் 'குணா'ன்னு போட்டு வெச்சிருந்தேன், எத்தனை ஆட்டம் ஜெயிச்சுதுங்கறதும் பக்கத்துலயே இருக்குது.

ஜெனிலா பாத்தா. என்னைப் பாத்தா. சட்டுன்னு ஸ்கிரீனுக்கு முன்னாடி குறுக்க நின்னுக்கிட்டா.

"என்னம்மா அது?"ன்னாரு முதலாளி எட்டிப் பாத்து.

"ஒண்ணுமில்ல சார். பழைய சாமான். இன்ஸ்டால் பண்ணவங்க அழிக்காம விட்டிருக்காங்க."

மொகமெல்லாம் செவந்துபோச்சு அவளுக்கு. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கறா. எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. அந்தப் பொண்ணுக்குச் சீட்டாடற பழக்கம் இருந்திருக்கும், கண்டதும் கையும் களவுமா மாட்டுன மாதிரி ஆயிருச்சு. சின்னப் பொண்ணு, முதலாளி முன்னாடி மானம் போகக்கூடாது. நானும் பெருந்தன்மையா, "ஆமாங்கண்ணா, அது பழசுதான்"னு சொல்லிக் காப்பாத்தி விட்டேன். இந்நாள் வரைக்கும் அதைப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முதலாளி அங்கிருந்தே கௌதமனுக்கு போன் போட்டு, "ஏண்டா, எம்பட கம்ப்யூட்டர்ல என்னடா வெச்சுட்டுப் போயிருக்கறே?"ன்னு வாங்குனாரு பாருங்க ஒரு வாங்கு. அவன் என்னமோ சொல்ல வந்தான். அவரு கேக்கலை. நானும் குறுக்க போகலை. வேலைன்னா கவனம் வேணுமில்லைங்களா.

அப்பறம் அவ ரெண்டு பக்கமும் ஒரே மணியைப் பாக்கற மாதிரி சொல்லி வெச்சா. இனி வெளியில இன்டர்நெட்ல கேட்டு மணியை அதுவே சரி பாத்துக்குமாம், அந்த வசதியை கௌதமன் போடவேயில்லை, இவ போட்டா. மணி ஆறேகால்னு வந்துச்சு. முதலாளி கைக்கடிகாரமும் ஆறேகால். அவரு ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாரு, கண்ணு கலங்கிப்போச்சு மனுசனுக்கு. பழைய மெசேஜையெல்லாம் எடுத்து ஒவ்வொண்ணுலயும் அஞ்சரையைக் கழிச்சுப் பாத்தாரு. "ஒரு மணி... ஏழரை"ன்னாரு. "கோயிலா?"ன்னாரு. "காலட்சேபங்கண்ணா"ன்னேன். அவரு வூட்டுக்கு போன் போட்டு மெதுவா, "ஏம்மா, அது பாகவதராம்"ன்னாரு. அந்தப் பக்கம் என்ன சொன்னாங்கன்னு தெரியலை, "இல்லை இல்லை, கேக்கத்தான் போயிருக்கு"ன்னு கத்துனாரு.

கொடவுன் பேச்சு அன்னையோட போச்சுங்க.

அண்ணன் கெளம்பறப்ப ஜெனிலா சொன்னா, "சார், கதவு நேரத்தையும் இதுலயே மாத்தலாம். பத்து மணி வெச்சா எல்லாருக்கும் வசதியா இருக்கும். மேம் என்ன சொல்றாங்களோ." அவ கை மவுஸ் மேலதான் இருந்துச்சு. அந்தச் சீட்டுப் பக்கத்தை இன்னும் அழிக்கலை. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே நின்னா. எனக்கு ஏனோ அன்னைக்கு மனசு ரொம்ப எளகிப்போச்சு. "பத்தே வெச்சுக்கலாம்"னேன். நானாத்தான் சொன்னேன், யாரும் கட்டாயப்படுத்தலை. "அந்தக் குரலு?"ன்னா. "அதையும் எடுத்துரு கண்ணு"ன்னேன். அது அண்ணனையே திட்டிப்போட்டதில்லைங்களா, மரியாதையில்லை. இப்ப லேட்டா வந்தா டிங்குன்னு ஒரு மணிச் சத்தம் மட்டும்தான் வரும். ஜெனிலா இப்ப மூணாவது மாடில இருக்கறா, பொழுதோட சிலசமயம் என்னைப் பேக்கரிக்கு இழுத்துட்டுப் போயிருவா. மேற்பார்வைக்குத்தான் போறது.

இதுதானுங்க நடந்தது. ஆட்டோக்காரனுக்கு நான் தனியாச் சொல்லிக்கறேன். இந்த ஏரியாவுலயே கட்டுப்பாடான ஹாஸ்டல் இது ஒண்ணுதான், எழுதி வெச்சுக்கங்க. யோசிச்சுச் சொல்றீங்களா? தாராளமா யோசிங்க. மத்த எடமெல்லாமும் போயிப் பாத்துப்போட்டே...

அம்மிணி எங்கீங்க? இங்கதானே உக்காந்திருந்துச்சு? அடடா, பையைத் தூக்கிட்டு மாடிக்கே போயிருச்சா! கேளுங்க, மேல எல்லாப் பொண்ணுகளும் ஒரே சிரிப்பு. நீங்க எந்திரிக்காதீங்க, விடுங்க. நல்ல எடம்னா நாம சொல்லோணுமா? கட்டுப்பாட்டை மோப்பம் புடிச்சு அதுவே வந்து உக்காந்துக்கும்.